ஜெயிக்கிற குதிரை எது? அடுத்த தலைவர் யார் என்ற வாதத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "கட்சியில் அடுத்து யார் என்ற பேச்சு வந்தாலே, 'அவர் நல்லவர்தான், ஆனா ஜெயிக்க மாட்டார்' என்று யாராவது சொல்லி வாதத்தை முடித்துவிடுகிறார்கள். ஒருவர் ஜெயிப்பாரா மாட்டாரா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்றால் எதை வைத்து?"

ஓரளவுக்குச் சொல்ல முடியும். ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பார்க்க வேண்டியதைப் பார்த்துச் சொல்வதில்லை. அடுத்த முறை யாராவது "அவர் ஜெயிக்க மாட்டார்" என்றால், "சரி, நீங்கள் அவருக்குப் போடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் போடுவேன், மத்தவங்க போடணுமே" என்பார். அங்கேதான் சிக்கல். அவர் தன் ஓட்டைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் இவரைப் பற்றி அதே ஊகத்தில் இருக்கலாம். இப்படி எல்லோரும் அடுத்தவருக்காகவே ஓட்டுப் போட்டால், யாருக்கும் முதல் விருப்பமாக இல்லாத ஒருவர் வேட்பாளராகிவிடுவார்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சி 2004இல் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. 2003 கடைசியில் தொண்டர்களின் உற்சாகமெல்லாம் ஹோவர்ட் டீன் பக்கம் இருந்தது. ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். ஆனால் ஜனவரியில், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முதலில் வாக்களிக்கும் அயோவா மாநிலத்தில் அந்த நேரம் வந்ததும், போர்க்காலத்தில் அன்றைய அதிபர் புஷ்ஷை எதிர்த்து நிற்க வியட்நாம் போரில் பதக்கம் வாங்கியவர்தான் சரி என்று கட்சிக்காரர்கள் கணக்குப் போட்டு ஜான் கெர்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். 'டீனோடு காதல், கெர்ரியோடு கல்யாணம்' என்கிற மாதிரி ஒரு வாசகமே அப்போது அங்கே புழங்கியது. அப்புறம் நடந்தது என்ன? எதிர்த்தரப்பு குறிவைத்து அடித்ததே அந்த வியட்நாம் வரலாற்றைத்தான். கெர்ரி தோற்றார். ஓஹையோ மாநிலத்தில் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் ஓட்டு குறைந்தது. அது கிடைத்திருந்தால் அவர்தான் அதிபர்.

இதை வைத்து "டீனை நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார்" என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் ஊகம்தான். டீன் இன்னும் மோசமாகத் தோற்றிருக்கலாம். இந்த வாதம் முடிவில்லாமல் போவதற்குக் காரணமே இதுதான்: தேர்தலில் சோதிக்கப்படுவது ஒரே ஒரு வேட்பாளர். நிற்காதவர் எப்போதும் தோற்பதில்லை.

ஊகம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு அதே கட்சியின் 2008 அதிபர் வேட்பாளர் போட்டியைப் பாருங்கள். 2007 இறுதிவரை கறுப்பின வாக்காளர்களிலேயே கணிசமானோர் ஒபாமா பக்கம் வரவில்லை, ஹிலரி கிளின்டனோடு இருந்தார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளையர்கள் போட மாட்டார்கள், நம் ஓட்டு வீணாகிவிடும் என்ற பயம் பலருக்கு. 2008 ஜனவரி 3 அன்று, மக்கள்தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர்களாக இருந்த அயோவாவில் ஒபாமா 38 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தார். மூன்றே வாரத்தில் தென் கரோலினாவில் 55 சதவீதம். அந்த மூன்று வாரத்தில் ஒபாமா மாறவில்லை. அடுத்தவர் என்ன செய்வார் என்ற ஊகம் மாறியது.

பெண் வேட்பாளர்கள், சிறுபான்மை வேட்பாளர்கள் விஷயத்தில் இந்த ஊகம் ரொம்பவே கெடுதல் செய்கிறது. "எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஊர் ஏற்காது" என்று சொல்லும்போது, சொல்பவருக்குத் தான் பாரபட்சம் காட்டுவதாகவே தோன்றாது. வேட்பாளர் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போய்விடும். அமெரிக்காவில் பல பத்தாண்டு முடிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, பெண்கள் போட்டியிட்டால் ஆண்கள் அளவுக்கே ஜெயிக்கிறார்கள் என்பது. தடை பெரும்பாலும் வாக்குச்சாவடிக்கு முன்னாடியே வந்துவிடுகிறது.

இன்னொரு குழப்பம், 'ஜெயித்தார்' என்பதற்கே என்ன பொருள் என்பது. பிரிட்டனின் தொழிற்கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெரமி கோர்பின் என்றால் 'ஜெயிக்கவே முடியாதவர்', கெயர் ஸ்டார்மர் என்றால் 'ஜெயிக்கக்கூடியவர்' என்பது 2024 தேர்தலின்போது அங்கே இருந்த பொதுக்கருத்து. எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். 2017இல் கோர்பின் தலைமையில் கட்சிக்கு 40 சதவீதம், சுமார் 1 கோடியே 28 லட்சம் ஓட்டு. தோல்வி. 2019இல் 32 சதவீதம், 1 கோடியே 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், 202 இடம், படுதோல்வி. 2024இல் ஸ்டார்மர் தலைமையில் 33.7 சதவீதம், சுமார் 97 லட்சம் ஓட்டு, 411 இடம். கோர்பின் படுதோல்வி அடைந்தபோது வாங்கியதைவிடக் குறைந்த ஓட்டில் ஸ்டார்மர் மாபெரும் வெற்றி பெற்றார்.

அப்படியானால் ஸ்டார்மருக்கு அதிர்ஷ்டம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியுமா? நான் சொல்ல மாட்டேன். எதிரே இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி 14 வருட ஆட்சிக்குப் பிறகு 23.7 சதவீதத்துக்கு விழுந்தது. சீர்திருத்தக் கட்சி 14 சதவீதம் வாங்கி வலதுசாரி ஓட்டைப் பிரித்தது. அது உண்மை. ஆனால் ஓட்டுகள் விழுந்த இடமும் மாறியிருந்தது. கோர்பினுக்குப் பெரிய நகரங்களில் ஓட்டு மலைபோல் குவிந்தது. அங்கே ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த தொகுதிகளில் வித்தியாசம் கூடியதால் ஒரு இடம்கூட அதிகமாகக் கிடைக்காது. ஸ்டார்மரின் ஓட்டு பரவலாக, தேவையான இடத்தில் விழுந்தது. அவரைக் கண்டு பயந்து எதிர்க்கட்சி ஓட்டு ஒன்றுதிரளவும் இல்லை. பயமுறுத்தாமல் இருப்பதும் ஒரு தேர்தல் பலம்தான், அதை யாரும் மேடையில் பாராட்ட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதே கணக்கு 1967இலேயே நடந்திருக்கிறது. அந்தத் தேர்தலில் காங்கிரஸின் வாக்குச் சதவீதம் திமுகவைவிடக் குறைவில்லை, இரண்டுமே 41ஐ ஒட்டித்தான். ஆனால் காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்றது. திமுக கூட்டணிக் கட்சிகளுக்கு இடம் விட்டுக்கொடுத்து, குறைவான இடங்களில் நின்று 137இல் ஜெயித்தது. இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்ததில் பெரும்பங்கு வகித்த காமராஜர், விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். "காமராஜர் ஜெயிக்கக்கூடியவரா?" என்று 1966இல் கேட்டிருந்தால் கேட்டவரைப் பைத்தியம் என்றிருப்பார்கள். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் வடு, எதிரணியின் கூட்டு எல்லாம் சேர்ந்தால் எந்தப் பெயரும் தாங்காது. இரண்டே வருடத்தில், 1969இல், நாகர்கோவில் இடைத்தேர்தலில் அதே காமராஜர் மக்களவைக்கு ஜெயித்துப் போனார்.

இதுவரை படித்துவிட்டு, "அப்போ வேட்பாளர் யாராக இருந்தாலும் ஒன்றுதானா?" என்று கேட்டால், இல்லை. நிச்சயம் இல்லை. வேட்பாளரின் சொந்த எடையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது: ஒரே நாளில், ஒரே வாக்காளர்கள், ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்களை எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்பது.

2022 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆளுநர் பதவிக்கும் செனட் (மேலவை) பதவிக்கும் ஒரே நாளில் தேர்தல். குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் பிரையன் கெம்ப் 53 சதவீதம் வாங்கி, 7 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே கட்சியின் செனட் வேட்பாளர், பெயர்பெற்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஹெர்ஷல் வாக்கர், 48.5 சதவீதத்தில் நின்று, யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் டிசம்பரில் நடந்த மறுதேர்தலில் தோற்றார். கெம்புக்குப் போட்டவர்களைவிட வாக்கருக்குப் போட்டவர்கள் சுமார் 2 லட்சம் குறைவு. அலை ஒன்று, கட்சி ஒன்று, வாக்காளர் ஒன்று. வித்தியாசம் ஆள்தான். புகழும் முகப்பரிச்சயமும் வாக்கருக்குத்தான் அதிகம் என்பதையும் கவனியுங்கள்.

நமக்குத் தெரிந்த உதாரணம் 2019. ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. மக்களவையில் அதிமுக தேனி தவிர எங்கும் ஜெயிக்கவில்லை. ஆனால் அதே வாக்குச்சாவடியில், அதே வரிசையில் நின்றவர்கள் இடைத்தேர்தலில் 8 இடங்களை அதிமுகவுக்குக் கொடுத்தார்கள். மே மாதம் நடந்த நான்கில் ஒன்றும் சேர்ந்து 9. அதில்தான் அன்றைய ஆட்சி தப்பியது. இதைவிட வேடிக்கை, அதிமுக ஜெயித்த அந்த ஒரே தேனி மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் இடைத்தேர்தலில் திமுகவுக்குப் போயின. டெல்லிக்கு ஒருவர், உள்ளூருக்கு ஒருவர் என்று மக்கள் தனித்தனியாகத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே "இவர் எம்பி தேர்தலில் ஜெயித்தவர், முதல்வர் வேட்பாளராகவும் ஜெயிப்பார்" என்பது தானாக வந்துவிடும் முடிவு இல்லை.

கொள்கையில் ஓரத்துக்குப் போனவர்களை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதிலும் கொஞ்சம் உறுதியான விவரம் இருக்கிறது. அரசியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஹால், அமெரிக்கக் கீழவைக்கான உட்கட்சித் தேர்தல்களில் தீவிரமானவரும் மிதமானவரும் மயிரிழையில் மோதிய இடங்களை எடுத்துப் பார்த்தார். தீவிரமானவர் வேட்பாளரான இடத்தில் பொதுத்தேர்தலில் கட்சியின் ஓட்டு சராசரியாக 9 முதல் 13 புள்ளி குறைந்திருந்தது. அவரே இன்னொருவரோடு சேர்ந்து பின்னர் செய்த ஆய்வில் கண்டது இன்னும் சுவாரசியமானது: தீவிரமான வேட்பாளர் தன் கட்சிக்காரர்களை உசுப்பி வரவழைப்பதைவிட, எதிர்க்கட்சிக்காரர்களை உசுப்பி வரவழைப்பதே அதிகம். "நம் ஆளுங்க துள்ளிக்கிட்டு வருவாங்க" என்று வாதிடும் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் உடனே 2016இன் டிரம்பைக் காட்டுவார். நியாயம்தான். அந்தத் தேர்தலில் டிரம்ப் நாடளவில் ஹிலரியைவிடச் சுமார் 29 லட்சம் ஓட்டு குறைவாக வாங்கினார், மாநிலவாரிக் கணக்கில்தான் ஜெயித்தார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78 ஆயிரம் ஓட்டுக்குள்தான் வித்தியாசம். இது 'எப்படிப்பட்டவரும் ஜெயிக்கலாம்' என்பதற்குச் சான்று. 'அப்படிப்பட்டவர்தான் ஜெயிப்பார்' என்பதற்கு ஆகாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன், சிரிப்பாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். 2005இல் அலெக்சாண்டர் டோடோரோவ் குழுவினர், யாரென்றே தெரியாத இரண்டு வேட்பாளர்களின் படத்தைக் காட்டி "யார் திறமைசாலியாகத் தெரிகிறார்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்தப் பதிலை வைத்தே செனட் போட்டிகளில் சுமார் 70 சதவீதத்தின் முடிவைச் சரியாகச் சொல்ல முடிந்தது. முகராசி என்று நம்மவர்கள் சொல்வது முழுக் கட்டுக்கதை இல்லை போலிருக்கிறது.

தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். தொகுதி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் வேறு வேறு. தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 2022இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் எம்பிக்கள் கடைசிச் சுற்றில் ரிஷி சுனக்குக்கு 137, லிஸ் ட்ரஸ்ஸுக்கு 113 ஓட்டுப் போட்டார்கள். கட்சி உறுப்பினர்களிடம் போனதும் ட்ரஸ் 57 சதவீதத்தோடு ஜெயித்தார். 49 நாளில் பிரதமர் பதவி போனது. இதைக் காட்டி "தொண்டர்களுக்கு ஒன்றும் தெரியாது, எம்எல்ஏ, எம்பிக்கள் கையில் விடுங்கள்" என்பார்கள். அதுவும் சரிவராது. 1980இல் டெனிஸ் ஹீலியை விட்டு மைக்கேல் ஃபுட்டை 139க்கு 129 என்று தேர்ந்தெடுத்தது தொழிற்கட்சி எம்பிக்கள்தான். 1983இல் கட்சி 27.6 சதவீதத்துக்கு இறங்கியது.

எம்எல்ஏக்களின் தலைக்கணக்கும் மக்களின் கணக்கும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதற்கு 1988-89 அதிமுகவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1987 டிசம்பரில் எம்ஜிஆர் மறைந்ததும் எம்எல்ஏக்களில் பெரும்பாலோர் ஜானகி அம்மையார் பக்கம் நின்றார்கள். அவர் முதல்வரும் ஆனார், 24 நாள். மறைந்த தலைவரின் மனைவி, ஆட்சி, எம்எல்ஏக்கள் என்று காகிதத்தில் எல்லாம் அவரிடம். 1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ஜெயலலிதா அணிக்குச் சுமார் 21 சதவீதம், 27 இடம். ஜானகி அணிக்குச் சுமார் 9 சதவீதம். அவரே ஆண்டிபட்டியில் தோற்றார். திமுக 33 சதவீதத்தில் 150 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தது.

யார் தலைவர் என்ற வாதம் அன்றோடு முடிந்தது. அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பியது. அதே வருடக் கடைசியில் மக்களவைத் தேர்தலில் அதிமுக, காங்கிரஸ் கூட்டணி 39இல் 38. பத்து மாதத்தில் இப்படி மாறியதற்குத் தலைவரின் கவர்ச்சி மட்டும் காரணமில்லை. பிரிந்து கிடந்த ஓட்டு ஒரே சின்னத்துக்குக் கீழே வந்தது. கட்சியை உடைக்காமல் வைத்திருக்க முடிகிறவரா என்பது, தலைவரின் வெற்றிவாய்ப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று நான் நினைப்பது இதனால்தான். கூட்டத்தில் கைதட்டல் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

வெளியிலிருந்து முகத்தைக் கொண்டுவந்தால் போதும் என்ற யோசனை இரண்டு விதமாகவும் போயிருக்கிறது. 2015 ஜனவரியில் டெல்லியில் பாஜக கிரண் பேடியைக் கட்சியில் சேர்த்த சில நாளிலேயே முதல்வர் வேட்பாளராக அறிவித்தது. நேர்மையான போலீஸ் அதிகாரி என்று நாடறிந்த பெயர். வருடக்கணக்கில் உழைத்த உள்ளூர் ஆட்கள் முகம் சுளித்தார்கள். 70இல் பாஜகவுக்கு 3. தொடர்ந்து ஐந்து முறை அந்தக் கட்சி ஜெயித்த கிருஷ்ணா நகரில் பேடியே தோற்றார். நேர்மாறாக, 2025 தொடக்கத்தில் கனடாவின் லிபரல் கட்சி கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிக்கு மேல் பின்தங்கிக் கிடந்தது. பிரதமர் ட்ரூடோ விலகினார். அதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்காத மார்க் கார்னி மார்ச்சில் தலைவரானார், ஏப்ரலில் 169 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தார். எதிர்க்கட்சித் தலைவர் பொலியெவ் 2004 முதல் எம்பியாக இருந்தவர், தன் தொகுதியிலேயே தோற்றார். இடையில் டிரம்ப் வரி போட்டு, கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று பேசியதும், இரண்டு நாட்டு மத்திய வங்கிகளை நடத்திய ஒருவர் திடீரென்று சமயத்துக்கேற்ற ஆளாகத் தெரிந்தார். ஆறு மாதம் முன்பு அதே கார்னியை 'வங்கிக்காரர், மக்களுக்குத் தெரியாதவர்' என்று ஒதுக்கியிருக்கலாம். அப்போது அதுவும் நியாயமான வாதமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, வாதத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு என்ன பயன்? "அவர் ஜெயிக்க மாட்டார்" என்றால் எந்தத் தொகுதிகளில், யாருடைய ஓட்டு போகும் என்று கேளுங்கள். "ஜெயிப்பார்" என்றாலும் அதே கேள்விதான்: கட்சி வழக்கமாக வாங்கும் ஓட்டுக்கு மேல் இவர் எதைக் கொண்டுவருகிறார்? இவர் முன்பு நின்ற தொகுதியில், அதே தேர்தலில் பக்கத்துத் தொகுதிகளில் கட்சி வாங்கியதைவிடக் கூடுதலாக வாங்கினாரா? கோட்டையில் 60 சதவீதம் வாங்கியவரைவிட, எதிரியின் பகுதியில் கட்சியின் சராசரியைத் தாண்டி 4 புள்ளி வாங்கித் தோற்றவர் சில நேரம் நல்ல வேட்பாளர். பட்டியல் போடும்போது தோற்றவர் என்று அவரைத்தான் முதலில் அடிப்பார்கள். அப்புறம், தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பு வரும் கருத்துக்கணிப்புகளில் முதலிடம் யாருக்கு என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டத்தில் அவை பெரும்பாலும் அளப்பது யார் பெயர் பரிச்சயம் என்பதை மட்டும்தான்.

எதிர்த்தரப்பு யாரைக் கண்டு பயப்படுகிறது என்று பார்த்து முடிவு செய்வோம் என்று ஒரு யோசனையும் அடிக்கடி வரும். 1980இல் அன்றைய அமெரிக்க அதிபர் கார்ட்டரின் முகாமில் பலர், ரீகன் எதிரே வந்தால் சுலபமாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரீகன் 50 மாநிலங்களில் 44ஐ ஜெயித்தார்.